இரண்டு மில்லி உவாற்று என்ற கணக்கு

உயர்தரத்தில் என்னிடம் பௌதிகவியல் படித்த மாணவி ஒருவர் இப்போது வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றின் லேசர் ஆய்வுகூடத்தில் கலாநிதிப் பட்ட ஆய்வைத் தொடங்கியிருக்கிறார். அண்மையில் அவர் வட்சப்பில் அனுப்பிய குரற்பதிவில் இப்படிக் கேட்டிருந்தார்: "சேர், பெரிய கற்றைக்குக் கண்ணாடி போடச் சொல்றாங்க, அது சரி. ஆனா ஆடிக்குப் பின்னால கசியிற கற்றையை மீற்றரில பார்த்தா ரெண்டு மில்லி உவாற்றுத்தான் காட்டுது. இதுக்கும் போடணுமா?"

கேள்வி நியாயமானது, அதற்கு நாங்கள்தான் பொறுப்பு என்றும் சொல்லலாம். திருகோணமலையின் எந்தப் பாடசாலையிலும், லேசரின் ஆபத்தைப் பற்றி ஒரு மாணவர் கேட்கும் ஒரே செய்தி மில்லி உவாற்றைப் பற்றியதாகத்தான் இருக்கும். கண்ணுக்குத் தெரியும் ஒளியைத் தொடர்ச்சியாக வெளியிடும் சுட்டி ஒன்றின் வலு ஒரு மில்லி உவாற்றைத் தாண்டாவிட்டால் அது 2ஆம் வகுப்பு லேசர். அதன் ஒளி தற்செயலாகக் கண்ணில் பட்டால் ஏறத்தாழ கால் செக்கனுக்குள் இமை மூடிக்கொள்ளும், முகம் திரும்பிவிடும், விழித்திரைக்குத் தீங்கு நேராது. இந்தப் பாடம் சரியானதுதான். ஆனால் அது தொடர்ச்சியாக ஒளிரும் லேசருக்கான பாடம். அதே மில்லி உவாற்றை, ஒளியை மிகமிகக் குறுகிய துடிப்புகளாக வெளியிடும் அதிகுறுந்துடிப்பு லேசருக்குக் கொண்டுபோய்ப் பொருத்தும்போது, கணக்கின் அடித்தளமே மாறிவிடுகிறது என்பதை எவரும் சொல்லிக்கொடுப்பதில்லை. ஊருக்குத் திரும்பி ஆசிரியப் பணிக்கு வருவதற்கு முன்னர் நானும் இத்தகைய ஆய்வுகூடம் ஒன்றில் சில ஆண்டுகளைக் கழித்தவன் என்பதால், அந்தக் கணக்கை இங்கே முழுமையாக எழுதிவைக்க விரும்புகிறேன்.

மாணவியின் லேசர், டைட்டேனியம் சேர்க்கப்பட்ட நீலக்கல் பளிங்கினால் ஆனது. (இரத்தினபுரியில் தோண்டி எடுக்கப்படும் கல்லின் இனம்தான், ஆனால் ஆய்வுகூடத்துக்குரியது செயற்கையாக வளர்க்கப்படுவது, நிறமும் நீலமன்று, இளஞ்சிவப்பு.) அது ஒரு செக்கனுக்கு 1000 துடிப்புகளை வெளியிடுகிறது, சராசரி வலு 2 உவாற்று. எனவே ஒவ்வொரு துடிப்பும் 2 மில்லி யூல் சக்தியைக் கொண்டுள்ளது. அந்தத் துடிப்பின் நீளமோ 100 பெம்டோ செக்கன் மட்டுமே, அதாவது ஒரு செக்கனைப் பத்து இலட்சம் கோடி துண்டுகளாக வெட்டினால் அதில் ஒரு துண்டு. ஒளியே அந்த நேரத்தில் 0.03 மில்லி மீற்றர் தூரம்தான் பயணிக்கும். 2 மில்லி யூலை 100 பெம்டோ செக்கனால் வகுத்தால் 20 ஜிகா உவாற்று வரும். நுரைச்சோலை அனல்மின் நிலையத்தின் முழுக் கொள்ளளவு 900 மெகா உவாற்று என்பதை நினைவில் கொண்டால், மேசைமேல் உள்ள அந்தப் பெட்டி கணப்பொழுதிலும் கணப்பொழுதில் எட்டும் வலுவின் அளவு விளங்கும்.

இனி அந்தக் கசிவைப் பார்ப்போம். நல்ல தரமான ஒரு லேசர் ஆடி, தன்மேல் விழும் ஒளியில் 99.9 சதவீதத்தைத் தெறிக்கச் செய்கிறது என்று வைத்துக்கொண்டால், மீதி 0.1 சதவீதம் ஆடியின் பின்பக்கத்தால் வெளியே வரும். 2 உவாற்றில் அது 2 மில்லி உவாற்று. மீற்றர் பொய் சொல்லவில்லை. ஆனால் அந்த 2 மில்லி உவாற்றும் செக்கனுக்கு 1000 துடிப்புகளாகவே வருகின்றன. ஒவ்வொன்றிலும் 2 மைக்குரோ யூல் இருக்கிறது. சர்வதேச மின்தொழினுட்ப ஆணைக்குழுவின் 60825-1 என்ற நியமத்தின் 2014ஆம் ஆண்டுப் பதிப்பு, இந்த அளவு குறுகிய துடிப்பு ஒன்று, கண்ணுக்குத் தெரியும் ஒளியின் எல்லைக்குள், கண்மணியினூடாகக் கொண்டுசெல்லத்தக்க சக்திக்கு விதிக்கும் எல்லை ஏறத்தாழ 38 நனோ யூல். மாணவியின் லேசருக்குரிய 800 நனோ மீற்றர் அலைநீளத்துக்கும் அதே எண்ணையே மனதில் வைத்து வேலை செய்வது நல்லது. 2 மைக்குரோ யூல், அதாவது 2000 நனோ யூல், என்பது அதைப்போல் ஐம்பது மடங்குக்கும் அதிகம். இது முதலாவது துடிப்பின் கணக்கு மட்டுமே. இமை மூடுவதற்கு எடுக்கும் கால் செக்கனுக்குள் மேலும் 249 துடிப்புகள் வந்து சேர்ந்துவிடும்.

ஆகவே அவருக்கு நான் கூறிய விடை: ஆம் பிள்ளை, போட வேண்டும், ஆனால் அதற்கு முன்னர் அந்தக் கசிவுக்குப் பின்னால் ஒரு தடுப்பை வையுங்கள்.

வலுமானிக்கு ஒளி வந்துசேரும் ஒழுங்கு தெரியாது என்பதே இங்குள்ள சிக்கல். பெரும்பாலான ஆய்வுகூடங்களில் பயன்படுவது, ஒளியை உறிஞ்சிச் சூடாகும் ஒரு தட்டும், அந்தச் சூட்டை அளக்கும் உணரியும் கொண்ட கருவி. அது மெதுவானது, தன்மேல் விழுந்த அனைத்தையும் கூட்டிச் சராசரியாக்கிக் காட்டும். ஒரே அறையில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு லேசர்களும் அதில் ஒரு உவாற்று என்று காட்டக்கூடும். ஒன்று செக்கனுக்கு எட்டுக் கோடி துடிப்புகளை வெளியிடும் அலையாக்கியாயின் (துடிப்புகளை உருவாக்கும் முதற் பகுதி), அதன் துடிப்பு ஒவ்வொன்றிலும் 12.5 நனோ யூல் மட்டுமே இருக்கும். மற்றையது செக்கனுக்கு ஆயிரம் துடிப்புகளை வெளியிடும் பெருக்கியாயின் (துடிப்பின் சக்தியைக் கூட்டும் பகுதி), ஒவ்வொன்றிலும் ஒரு மில்லி யூல் இருக்கும். அதாவது எண்பதாயிரம் மடங்கு. இதனால் முதலாவது லேசர் பாதுகாப்பானது என்று எவரும் எண்ணிவிடக் கூடாது. அரை உவாற்றைத் தாண்டிய எந்தத் தொடர் கற்றையும் மிக ஆபத்தான 4ஆம் வகுப்பைச் சேர்ந்தது. எட்டுக் கோடி துடிப்புகள் ஒன்றன்பின் ஒன்றாக வரும்போது விழித்திரை அதைத் தொடர்ச்சியான வெப்பமாகவே உணரும். இரண்டும் கண்ணைக் கெடுக்கும், ஆனால் கெடுக்கும் விதம் வேறு. அந்த வேறுபாட்டை ஒரு மீற்றரின் ஒற்றை எண் மறைத்துவிடுகிறது.

கண் என்ற உறுப்பு தன் பங்குக்கு நிலைமையை மேலும் மோசமாக்குகிறது. 400 முதல் 1400 நனோ மீற்றர் வரையிலான அலைநீளங்களைக் கருவிழியும் வில்லையும் உள்ளே விடுவதோடு நில்லாமல், அவற்றை விழித்திரையின்மேல் குவிக்கவும் செய்கின்றன. இருண்ட அறையில் கண்மணி ஏறத்தாழ 7 மில்லி மீற்றர் வரை விரிந்திருக்கும். அதனூடாக நுழையும் இணைகற்றை, விழித்திரையில் இருபது மைக்குரோ மீற்றர் அளவான ஒரு புள்ளியாகச் சுருங்குகிறது. பரப்பளவுகளை ஒப்பிட்டால், கருவிழியில் இருந்த செறிவு விழித்திரையில் ஒரு இலட்சம் மடங்கு வரை உயர்ந்துவிடும். 1400 நனோ மீற்றருக்கு அப்பாலுள்ள ஒளியைக் கண்ணின் முன்பகுதியிலுள்ள நீர் உறிஞ்சிவிடுவதால் அங்கே ஆபத்து கருவிழிக்கு மாறுகிறது. ஊதாக்கடந்த ஒளியில் கருவிழியும் வில்லையும் பாதிக்கப்படும். ஆனால் மீள முடியாத இழப்பு விழித்திரையில்தான்.

விழித்திரை ஒளியால் கெடும் வழிகளில் ஒன்றை எங்கள் ஊரவர்கள் நன்கறிவர். 2019 டிசம்பர் 26ஆம் திகதி கங்கண சூரிய கிரகணத்தின் பாதை திருகோணமலையைக் கடந்துசென்றபோது, வெறுங்கண்ணால் பார்க்க வேண்டாம் என்று பாடசாலைகளிலும் வானொலியிலும் திரும்பத் திரும்பச் சொல்லப்பட்டது. சூரியனை உற்றுப் பார்ப்பதால் ஏற்படும் பாதிப்பு பெரும்பாலும் ஒளியால் தூண்டப்படும் இரசாயன மாற்றம். அதற்குச் செக்கன்களும் நிமிடங்களும் வேண்டும். இரண்டாவது வழி வெப்பம். நீரிழிவால் விழித்திரை பாதிக்கப்பட்டவர்களுக்குக் கண் வைத்தியர்கள் மில்லி செக்கன் கணக்கில் லேசர் ஒளியைச் செலுத்தி இழையத்தைச் சுடுவது இந்த வழியைப் பயன்படுத்தித்தான். மூன்றாவது வழி, அதிகுறுந்துடிப்புக்கே உரியது. அதில் வெப்பம் பரவுவதற்குக்கூட நேரமில்லை.

விழித்திரையின் பின்னால் நிறமிப் படை ஒன்று இருக்கிறது. அதன் கலங்களில் ஏறத்தாழ ஒரு மைக்குரோ மீற்றர் அளவான மெலனின் மணிகள் நிறைந்துள்ளன. உள்ளே வரும் ஒளியைப் பெருமளவில் உறிஞ்சுவன அவையே. ஒரு மணியில் ஏறிய வெப்பம் சுற்றுப்புறத்துக்குப் பரவ ஒரு மைக்குரோ செக்கன் அளவு நேரம் தேவை. அந்த மணி விரிந்து, அதன் அமுக்கம் ஒலியின் வேகத்தில் அதன் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குச் சென்று தளர்வதற்கு முக்கால் நனோ செக்கன் போதும். 100 பெம்டோ செக்கன் துடிப்போ, அதனினும் ஏழாயிரம் மடங்கு குறுகியது. மணி விரியத் தொடங்குவதற்கு முன்னரே துடிப்பின் முழுச் சக்தியும் அதனுள் இறங்கி முடிந்துவிடும். விளைவு, அமுக்க அலையும், மணியைச் சுற்றி நீராவிக் குமிழி வெடித்தலும். எங்கள் கடற்பகுதியில் சட்டவிரோதமாக வெடி போட்டு மீன்பிடிப்பதைப் பற்றிக் கேள்விப்படாதவர் இல்லை. அப்படிச் செத்த மீனின் தோல் பார்ப்பதற்குக் காயமில்லாமல் இருக்கும். அறுத்துப் பார்த்தால் முள் முறிந்து உள்ளே இரத்தம் கட்டியிருக்கும். அதைக் கொன்றது நெருப்பு அல்ல, நீரினூடாக வந்த அதிர்ச்சி. விழியின் உட்புறத்தை நிரப்பியிருக்கும் கண்ணாடியுடனீரும் ஏறத்தாழ முழுவதும் நீர்தான்.

1977இல் ஓர் ஆய்வாளர் தமக்கு நேர்ந்த விபத்தைப் பற்றி எழுதிய குறிப்பு லேசர்க்காரர்களிடையே இன்றும் பேசப்படுகிறது. கண்ணுக்குத் தெரியாத 1064 நனோ மீற்றர் அலைநீளத்தில், 6 மில்லி யூல் கொண்ட, 10 நனோ செக்கன் நீளமான துடிப்பின் ஒரு பகுதித் தெறிப்பே அவருடைய கண்ணில் பட்டது. கண்ணுக்குள் ஏதோ வெடித்ததைப் போன்ற ஓசை கேட்டதாகவும், பின்னர் பார்வைப் புலத்தில் இரத்தம் மிதந்ததாகவும் அவர் எழுதியிருந்தார். அந்த ஓசை கற்பனையன்று. மேலே சொன்ன அதிர்ச்சியின் ஓசை. அதிகுறுந்துடிப்பு லேசர்கள் அதைவிடப் பல்லாயிரம் மடங்கு குறுகிய துடிப்பை வெளியிடுவன. அவற்றுக்குச் சேதம் விளைவிக்க மில்லி யூல் தேவையில்லை. 1990களில் குரங்குகளின் கண்களில் செய்யப்பட்ட ஆய்வுகளில், ஒரு மைக்குரோ யூலிலும் குறைந்த பெம்டோ செக்கன் துடிப்பு ஒன்றே விழித்திரையில் வடுவை ஏற்படுத்தியது.

வலு இன்னும் உயரும்போது ஒளியின் நடத்தையே மாறுகிறது. ஒரு பொருளில் ஒளி எவ்வளவு வளையும் என்பதைக் காட்டும் முறிவுச் சுட்டியைப் பள்ளியில் நாம் மாறிலி என்று கற்பிக்கிறோம். சில மெகா உவாற்று வலுவைத் தாண்டிய துடிப்பு நீரினூடாகச் செல்லும்போது அந்தச் சுட்டி ஒளியின் செறிவுக்கேற்பக் கூடுகிறது. கற்றையின் நடுப்பகுதி ஓரத்தைவிடச் செறிவானது என்பதால், நீரே ஒரு குவிவு வில்லையாக மாறி, கற்றையைத் தானாகவே மேலும் குவிக்கிறது. மாணவியின் கசிவுக் கற்றையின் உச்ச வலு 20 மெகா உவாற்று என்று கணக்கிட்டால், அதுவே இந்த எல்லையைத் தாண்டிவிட்டது. இன்னும் செறிவு கூடினால் அணுக்களிலிருந்து இலத்திரன்கள் பிய்த்தெடுக்கப்பட்டு பிளாஸ்மா உண்டாகும். இங்கே ஒரு முரணையும் சொல்லிவிட வேண்டும்: துடிப்பு எவ்வளவுக்கெவ்வளவு குறுகுகிறதோ அவ்வளவுக்கவ்வளவு ஆபத்து கூடும் என்பது எப்போதும் உண்மையன்று. 10 பெம்டோ செக்கன் துடிப்பில் பல அலைநீளங்கள் கலந்திருக்கும். கண்ணின் நீரினூடாக அவை வெவ்வேறு வேகத்தில் செல்வதால், விழித்திரையை அடையுமுன் துடிப்பு பல மடங்கு நீண்டுவிடும். 100 பெம்டோ செக்கனுக்குக் கீழே நியமங்களும் தனி எல்லை எதையும் வகுக்காமல், 100 பெம்டோ செக்கனுக்குரிய உச்ச வலுவையே எல்லையாகக் கொள்ளச் சொல்கின்றன.

இதே துடிப்புகள் மருத்துவமாகவும் பயன்படுகின்றனவே என்று கேட்பவர்கள் உண்டு. என் அம்மாவுக்குக் கண்புரைச் சத்திரசிகிச்சை முடிந்து சில காலத்தின் பின்னர், பொருத்திய வில்லைக்குப் பின்னாலுள்ள உறை மங்கிவிட்டது. அதைத் திறப்பதற்கு யாக் லேசர் அடித்தார்கள்; அதுவும் 1064 நனோ மீற்றரில், சில மில்லி யூல் கொண்ட நனோ செக்கன் துடிப்புதான். அவரது விழித்திரைக்கு எதுவும் நேராததற்குக் காரணம் வடிவியல். வைத்தியர் பயன்படுத்தும் கற்றை அகலமான கூம்பாக வந்து உறையின்மேல் குவிகிறது. அங்கே பிளாஸ்மா உண்டாகி உறையைக் கிழித்த பின்னர், மீதி ஒளி அதே வேகத்தில் விரிந்து, விழித்திரையை அடையும்போது பரந்து ஐதாகிவிடும். ஆய்வுகூடத்தில் வரும் இணைகற்றைக்கோ, குவியும் இடம் விழித்திரையாகவே அமைந்துவிடுகிறது. கருவியின் சக்தி ஒன்றேயானாலும் குவியத்தின் இடம்தான் சிகிச்சையையும் காயத்தையும் பிரிக்கிறது.

அந்தப் பிரிகோட்டை ஒரு விபத்தே காட்டிக்கொடுத்தது என்பது இத்துறையின் சுவையான வரலாறு. 1985இல் அமெரிக்காவின் ரொச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் டொனா ஸ்டிரிக்லண்டும் ஜெரார் மூரூவும், குறுந்துடிப்பை முதலில் நீட்டி, நீண்ட நிலையில் பெருக்கி, பின்னர் மீண்டும் சுருக்கும் முறையைக் கண்டறிந்தனர்; 2018இல் அதற்காக அவர்களுக்குப் பௌதிகவியலுக்கான நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. பின்னர் மூரூ மிச்சிகன் பல்கலைக்கழகத்துக்குச் சென்றார். 1993இல் அவருடைய ஆய்வுகூடத்தில் ஆடிகளை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்த ஒரு மாணவரின் கண்ணில் பெம்டோ செக்கன் கற்றை பட்டது. அவரைப் பரிசோதித்த இளம் கண் வைத்தியர் ரான் கர்ட்ஸ், விழித்திரையிலிருந்த காயம் அவ்வளவு துல்லியமாக, சுற்றுப்புறம் கருகாமல் இருந்ததைக் கண்டு வியந்தார். அந்த வியப்பிலிருந்துதான் அவரும் திபோர் யூஹாசும் சேர்ந்து, கருவிழியைக் கத்தியின்றி வெட்டும் பெம்டோ செக்கன் லேசர் முறையை உருவாக்கினர். 2022இல் அந்த மாணவர் உட்பட ஐவருக்கும் அமெரிக்காவில் 'தங்க வாத்து' என்ற விருது வழங்கப்பட்டது. இந்தக் கதையைச் சொல்பவர்கள் வழக்கமாக அதன் இனிய முடிவோடு நிறுத்திவிடுவார்கள். எனக்கு நினைவில் நிற்பது வேறொன்று: ஆடிகளை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்த நேரம், பாதுகாப்புக் கண்ணாடி கண்ணில் இல்லாத கணம். லேசர் விபத்துகள் பற்றிய குறிப்புகளைப் படித்தால் இந்த இரண்டும் சலிப்பூட்டும் அளவுக்குத் திரும்பத் திரும்ப வரும்.

ஏன் கழற்றுகிறார்கள்? அசட்டுத் துணிவு என்று சொல்லிவிடுவது எளிது. உண்மை அவ்வளவு எளிதன்று. 800 நனோ மீற்றர் ஒளி, பார்வையின் கடைசி எல்லையில் இருப்பது. உண்மையில் கண்ணைக் குருடாக்கக்கூடிய கற்றை, கடதாசியில் மங்கிய சிவப்புப் புள்ளியாகத்தான் தெரியும்; கண் அதை வலுக்குறைந்ததாகவே மதிப்பிடும். அந்தப் புள்ளியைக் கண்டால்தான் ஆடியைத் திருப்ப முடியும், கண்ணாடி அணிந்தால் அதுவும் மறைந்துவிடும். போதாததற்கு, பெருக்கியை ஊட்டும் லேசர் 527 அல்லது 532 நனோ மீற்றரில் பச்சை நிறத்தில் பல உவாற்றோடு அடிக்கும். இரண்டையும் தடுக்கும் கண்ணாடியை அணிந்தவருக்கு அறையில் திருகாணி விழுந்தாலும் தெரியாது. ஆகவே நெற்றிக்கு மேலே ஏற்றிவிடுகிறார்கள். இதைத் திட்டித் திருத்த முடியாது. கண்ணால் பார்க்க வேண்டிய தேவையை நீக்கித்தான் திருத்த முடியும். செந்நிறக்கீழ் ஒளி பட்டால் ஒளிரும் அட்டையைப் பயன்படுத்தலாம். அதைவிட நல்லது, சிறிய கமராவைப் பொருத்தி கற்றையின் இடத்தைக் கணினித் திரையில் பார்ப்பது. ஒழுங்குபடுத்தும் வேலையை இயன்றவரை குறைந்த வலுவில் செய்வது மூன்றாவது. ஆனால் குறைந்த வலு என்பது துடிப்பொன்றின் சக்தியைக் குறைப்பதாக இருக்க வேண்டுமேயன்றி, துடிப்புகளின் எண்ணிக்கையைக் குறைத்து மீற்றரை இறக்குவதாக இருக்கக் கூடாது.

கண்ணாடியைத் தெரிவதிலும் இந்த லேசர்கள் தனி வகை. கண்ணாடியின் ஒளியியல் அடர்த்தி ஒவ்வொரு அலகுக்கும் பத்து மடங்காகத் தடுக்கும். 2 மில்லி யூல் துடிப்பை 38 நனோ யூலுக்குக் கொண்டுவர ஐம்பதாயிரத்துக்கும் மேலாகக் குறைக்க வேண்டும், எனவே குறைந்தது 5 வேண்டும். எண் மட்டும் போதாது. 100 பெம்டோ செக்கன் துடிப்பின் அலைநீளப் பரப்பு ஏறத்தாழ 9 நனோ மீற்றர்; 10 பெம்டோ செக்கனாயின் அது 90ஐத் தாண்டும். 800ஐச் சுற்றி ஒடுங்கிய பட்டையை மட்டும் தடுக்கும் கண்ணாடியின் இரு ஓரங்களாலும் ஒளி உள்ளே வரும். உறிஞ்சும் சாயத்தால் ஆன கண்ணாடியில் இன்னொரு பலவீனம் உண்டு: மிகச் செறிந்த துடிப்பின் முன்பகுதி சாய மூலக்கூறுகள் அனைத்தையும் அருட்டிவிட்டால், பின்பகுதியை உறிஞ்ச எதுவும் மிஞ்சாது, அந்தக் கணத்துக்குக் கண்ணாடி வெளுத்துவிடும். இதனால்தான் ஐரோப்பிய நியமமான ஈஎன் 207, ஒரு நனோ செக்கனுக்குக் குறைந்த துடிப்புகளுக்கென 'எம்' என்ற தனிக் குறியீட்டை வைத்திருக்கிறது. தொடர் லேசருக்குரிய 'டி' குறியீடு மட்டும் பொறித்த கண்ணாடி எவ்வளவு தடிப்பாக இருந்தாலும் இங்கே உதவும் என்று நம்பக் கூடாது. அலைநீளத்தை மாற்றக்கூடிய கருவி, இரண்டாம் மூன்றாம் இசையங்கள் (அலைநீளம் பாதியாகவும் மூன்றிலொன்றாகவும் குறைந்த ஒளி), வெண்ணிற ஒளியாக விரியும் துடிப்பு ஆகியவை ஒரே மேசையில் இருந்தால், அனைத்துக்கும் பொருந்தும் ஒரு கண்ணாடி கிடைக்காது. அந்த நிலையில் கற்றையைக் குழாய்க்குள்ளும் பெட்டிக்குள்ளும் அடைப்பதைத் தவிர வேறு வழியில்லை. உண்மையில் அடைப்புத்தான் முதற் பாதுகாப்பு, கண்ணாடி கடைசி. பல இடங்களில் இதைத் தலைகீழாக்கி, வாசலில் கண்ணாடியை மாட்டிவிட்டு உள்ளே மேசையைத் திறந்தபடி வைத்திருக்கிறார்கள்.

எங்கிருந்து ஒளி தப்பும் என்பதை மேசையைச் சுற்றி நடந்தே கண்டுபிடிக்க வேண்டும். பூச்சில்லாத சாதாரணக் கண்ணாடித் துண்டின் ஒரு முகமே 4 சதவீதத்தைத் தெறிக்கும். ஒரு மில்லி யூலில் அது 40 மைக்குரோ யூல், அதாவது எல்லையைவிட ஆயிரம் மடங்கு. துடிப்பைச் சுருக்கும் கீற்றணியிலிருந்து (நுண்ணிய கோடுகள் நிறைந்த தட்டு) பயன்படாத தெறிப்பு ஒன்று எப்போதும் எங்கோ போய்க்கொண்டிருக்கும். முனைவாக்கும் கனசதுரங்கள் பக்கவாட்டில் எறியும். கற்றையின் உயரத்தை மாற்றும் இரட்டை ஆடிகள் அதை மேல்நோக்கிச் செலுத்தும்போது, அதன் மேலே குனிபவரின் முகமே தடுப்பாகிவிடும். கைக்கடிகாரம், மோதிரம், திருகாணித் திருப்பி எதுவும் ஆடியாகலாம். கற்றையின் தளம் மேசைக்கு மேலே நிலையான ஓர் உயரத்தில் இருக்கும்; கீழே விழுந்ததை எடுக்கக் குனியும்போது கண் அந்தத் தளத்தைக் கடக்கும். அந்தக் கணத்தில் கண்ணை மூடி முகத்தை மறுபக்கம் திருப்பிக் குனிவது, பார்ப்பவருக்குச் சிரிப்பை வரவழைத்தாலும், பழகிக்கொள்ளத்தக்க பழக்கம்.

இவை அனைத்தும் தொலைவிலுள்ள ஆய்வுகூடங்களின் கவலை என்று எண்ணியிருந்தேன், ஊரில் ஒரு கைத்தொலைபேசி திருத்தும் கடைக்குச் செல்லும்வரை. போனின் பின்பக்கக் கண்ணாடியைக் கழற்றுவதற்கு இப்போது சிறிய லேசர் இயந்திரங்கள் வந்துவிட்டன. அவை பெரும்பாலும் 1064 நனோ மீற்றரில், நனோ செக்கன் துடிப்புகளை வெளியிடும் இழை லேசர்கள். அதிகுறுந்துடிப்பு வகையைச் சேர்ந்தவையல்ல, ஆனால் துடிப்பொன்றுக்கு ஒரு மில்லி யூல் வரை தரவல்லவை. கடையில் நின்ற தம்பி கதவைத் திறந்தபடியே வைத்துக்கொண்டு உள்ளே குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணாடி இல்லையா என்று கேட்டதற்கு, "இருக்கு சேர், இயந்திரத்தோடயே வந்தது" என்று பச்சைநிறப் பிளாஸ்டிக் கண்ணாடி ஒன்றை இழுப்பறையிலிருந்து எடுத்துக் காட்டினார். எந்த அலைநீளத்துக்கு, எவ்வளவு அடர்த்தி என்று அதில் ஓர் எழுத்தும் இல்லை. கதவை மூடிவிட்டு வேலை செய்தால் கண்ணாடியே வேண்டாம் என்று சொன்னேன். மூடினால் சரியான இடத்தில் அடிக்கிறதா என்று தெரியாதே என்றார். ஆய்வுகூடத்தில் கேட்ட அதே பதில். அழகுக்கலை நிலையங்களில் பச்சை குத்தியதை அழிக்கும் பீக்கோ செக்கன் லேசர்கள் உலகெங்கும் பரவிவருகின்றன. அவையும் ஒரு நனோ செக்கனுக்குக் குறைந்த துடிப்புகளை வெளியிடுவன. அங்கே படுத்திருப்பவரின் கண்ணுக்கும் பாதுகாப்பு தேவை என்பதை அங்கு செல்பவர்கள் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

கண்ணில் பட்டுவிட்டால் என்ன செய்வது என்பதை அறிந்தவர்கள் மிகக் குறைவு. விழித்திரையில் வலியை உணரும் நரம்புகள் இல்லை. எனவே வலிக்கவில்லை என்பது ஒரு சான்றே அன்று. திடீர் மின்னல், வெடியோசை போன்ற உணர்வு, மிதக்கும் கறுப்புப் புள்ளிகள், பார்க்கும் இடத்தின் நடுவே மங்கல், நேர்கோடுகள் வளைந்து தெரிதல் ஆகியவற்றில் எது இருந்தாலும் வேலையை உடனே நிறுத்த வேண்டும். காயம் விழித்திரையின் ஓரத்தில் ஏற்பட்டிருந்தால் மூளை அந்த இடைவெளியைத் தானே நிரப்பிக்கொள்வதால், எதுவுமே தெரியாமலும் போகலாம். தலையை நிமிர்த்தி உட்கார்ந்திருக்க வேண்டும், கண்ணைக் கசக்கக் கூடாது, தானே வாகனம் ஓட்டிச் செல்லக் கூடாது. அன்றைக்கே கண் வைத்தியரிடம், இயன்றால் விழித்திரை நிபுணரிடம், செல்ல வேண்டும். இழந்த ஒளியுணர் கலங்களை மீட்கும் சிகிச்சை எதுவும் இல்லை. ஆனால் இரத்தக் கசிவையும் விழித்திரைத் துளையையும் கவனித்துப் பார்வையின் ஒரு பகுதியைக் காப்பாற்ற முடியும். லேசரின் அலைநீளம், துடிப்பொன்றின் சக்தி, துடிப்பின் நீளம், செக்கனுக்கு எத்தனை துடிப்பு, எந்தத் திசையிலிருந்து வந்தது என்பவற்றை ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோனால் வைத்தியருக்குப் பெரிய உதவி. ஏனெனில் சாதாரணக் கண் சிகிச்சை நிலையத்தில் இத்தகைய நோயாளி வருவது மிக அரிது. வேலையில் சேர்வதற்கு முன்னரே விழித்திரையின் படத்தையும் குறுக்குவெட்டுத் தோற்றத்தையும் எடுத்து வைத்திருந்தால், பழைய வடு எது, புதியது எது என்ற குழப்பமும் இராது.

முதல் நாள் பரிசோதனையில் எதுவும் தெரியவில்லை என்று சொல்லப்பட்டாலும் மறுநாள் மீண்டும் பார்க்கச் சொல்லிக் கேட்க வேண்டும். நான் மேலே குறிப்பிட்ட குரங்குகளின் ஆய்வுகளில், பெம்டோ செக்கன் துடிப்பு பட்டு ஒரு மணித்தியாலத்தின் பின்னர் வெறுமையாகத் தோன்றிய விழித்திரைகள் சிலவற்றில், 24 மணித்தியாலத்தின் பின்னரே வடு கண்ணுக்குத் தெரிந்தது.